ஏசி பிளக்கில் கருவாட்டு வாசனை

போன சித்திரையில் மூன்று நாள் தொடர்ந்து, ராத்திரி பத்து மணிக்கு மேல் எங்கள் வீட்டுப் படுக்கையறையில் கருவாட்டு வாசனை அடித்தது. எங்கள் வீடு சைவம். முதல் நாள் அம்மா மூக்கைச் சுளித்துவிட்டு ஊதுவத்தி ஏற்றினாள். இரண்டாம் நாள் ஜன்னலைச் சாத்தினாள். மூன்றாம் நாள் பொறுக்க முடியாமல் காம்பவுண்ட் சுவர் பக்கம் போய், பக்கத்து வீட்டு மதினியிடம் சுற்றி வளைத்துக் கேட்டே விட்டாள்.

“என்னத்த இப்படிக் கேக்கீங்க? இன்னைக்குச் சனிக்கிழமைல்லா. வெள்ளி, சனி நாங்க கவிச்சியே தொட மாட்டோமே.”

மதினிக்குக் கொஞ்சம் வருத்தம்தான். ஆனால் அந்தப் பதில்தான் எங்களைக் காப்பாற்றியது. கருவாடு அங்கே இல்லையென்றால் வாசனை எங்கிருந்து வருகிறது? நான் சுவரை மோந்துகொண்டே அறையைச் சுற்றி வந்தேன். பீரோவுக்குப் பின்னால் போனதும் தூக்கி அடித்தது. அம்மாவும் நானுமாக பீரோவை நகர்த்தினோம். பின்னால் இருந்தது ஏசி ஸ்டெபிலைசரின் பிளக்.

பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன்: சுவிட்ச், பிளக் செய்யும் சில கெட்டி பிளாஸ்டிக் வகைகள், குறிப்பாக யூரியா ஃபார்மால்டிஹைடு, அளவுக்கு மேல் சூடானால் அமீன் வகை ஆவியை விடும். மீன் வாசனைக்குக் காரணமும் ஓர் அமீன்தான். ரப்பர் கருகும் நாற்றம் வந்தால் எல்லோரும் ஓடிப்போய்ப் பார்ப்போம். மீன் வாசனை வந்தால் பக்கத்து வீட்டைத்தான் பார்ப்போம். அதுதான் இதில் ஆபத்து.

மெயினை அணைத்தேன். டெஸ்டரால் பார்த்தேன். டெஸ்டரை மட்டும் நம்பாமல் மல்டிமீட்டராலும் பார்த்தேன். அப்புறம்தான் பிளக்கில் கை வைத்தேன். பிடுங்க வரவில்லை, சாக்கெட்டோடு ஒட்டியிருந்தது. ஆட்டி ஆட்டி இழுத்ததில் கையோடு வந்தது. மூன்று பின்களில் இரண்டு பித்தளை நிறத்தில் பளபளவென்று இருந்தன. கரண்ட் திரும்பிப் போகும் நியூட்ரல் பின் மட்டும் மயில்கழுத்து நிறத்துக்கு மாறியிருந்தது. சாக்கெட்டில் அந்தத் துளையைச் சுற்றி டீ சிந்திய மாதிரி ஒரு கறை. போர்டைக் கழற்றி உள்ளே இருந்த ஒயரை லேசாக வளைத்தேன். இரண்டு அங்குல நீளத்துக்கு மேல்தோல் வறுத்த அப்பளம் மாதிரி நொறுங்கி விழுந்து, வெறும் கம்பி நின்றது.

எனக்கு முதலில் புரியாதது ஒன்றுதான். ஃபியூஸ் ஏன் போகவில்லை?

பேப்பரை எடுத்துக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒன்றரை டன் ஏசி ஓடும்போது 7, 8 ஆம்பியர் இழுக்கும். சாக்கெட்டின் உள்ளே இருக்கும் ஸ்பிரிங் தகடு தளர்ந்து, பின்னை அரைகுறையாகத் தொட்டுக்கொண்டிருக்கிறது. அந்தத் தொடுப்பில் அரை ஓம் தடை உண்டாகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். 8-ஐ 8-ஆல் பெருக்கி, அதில் பாதி: 32 வாட். என்னிடம் இருக்கும் சால்டரிங் அயன் 25 வாட். ஈயத்தை உருக்குகிற கருவியைவிட அதிகச் சூட்டைக் கக்குகிற ஒன்றைத் தலைமாட்டில், மரப் பீரோவுக்கும் சுவருக்கும் நடுவில் வைத்துக்கொண்டு மூன்று ராத்திரி தூங்கியிருக்கிறோம். ஃபியூஸுக்கோ, அதன் இடத்தில் இப்போது வைக்கிற, கரண்ட் கூடினால் தானாக விழும் எம்.சி.பி. சுவிட்சுக்கோ இது தெரியவே தெரியாது. அவை பார்ப்பது எத்தனை ஆம்பியர் போகிறது என்பதை மட்டும்தான். லூஸ் கனெக்‌ஷனால் கரண்ட் கூடுவதில்லை. அதே எட்டு ஆம்பியர்தான் போகிறது, போகிற வழியில் ஓரிடத்தை அடுப்பாக்கிக்கொண்டு.

சரி, சாக்கெட்டை மாற்றினால் போதும் என்றுதான் வயர்மேன் அண்ணாச்சியைக் கூப்பிட்டேன். லைசென்ஸ் உள்ளவர், அறுபது வயசு இருக்கும். வந்ததும் சாக்கெட்டைப் பார்க்கவில்லை. நேராக வராந்தாவில் இருந்த மெயின் போர்டுக்குப் போனார். பீங்கான் ஃபியூஸ் கட்டை ஒன்றைப் பிடுங்கி என் உள்ளங்கையில் வைத்தார்.

“தம்பி, இதுல என்ன இருக்கு பாருங்க.”

ஃபியூஸ் ஒயர் இருக்க வேண்டிய இடத்தில், ஏதோ பழைய ஃபிளெக்ஸிபிள் ஒயரிலிருந்து உருவிய செம்பு இழைகள் நாலைந்தை முறுக்கிப் போட்டிருந்தது. வீடே எரிந்தாலும் அது எரியாது. வேடிக்கை என்னவென்றால், அந்தப் போர்டின் மேல்தட்டிலேயே அப்பா தீப்பெட்டி அட்டையில் சுற்றி வைத்திருந்த சரியான ஃபியூஸ் ஒயர், தூசி படிந்து, பாதி தீராமல் கிடந்தது. 1984-இல் பாளையங்கோட்டையில் இந்த வீட்டைக் கட்டியபோது வாங்கியதாக இருக்கும். அப்பா போன பிறகு யார் யாரோ வந்து “கட்டை அடிக்கடி போகுது” என்று ஆளுக்கு ஓர் இழை சேர்த்திருக்கிறார்கள். நானும் ஒரு தடவை சேர்த்திருக்கிறேன் என்பதை அண்ணாச்சியிடம் சொல்லவில்லை.

அடுத்து ஏசி லைனின் ஜங்ஷன் பாக்ஸைத் திறந்தார். வீடு கட்டிய காலத்தில் போட்டது அலுமினிய ஒயர். ஏசி மாட்ட வந்தவர்கள் பாதி வழியில் புதுச் செம்பு ஒயரை அதோடு முறுக்கி, டேப் சுற்றி விட்டுவிட்டார்கள். அலுமினியத்தின் மேல் காற்றுப் பட்டதுமே கரண்ட் கடத்தாத ஆக்சைடு ஏடு ஒன்று படியும். அது செம்பைவிட அதிகமாகச் சூட்டில் விரியும், மெத்தென்று நசுங்கியும் கொடுக்கும். ஒவ்வொரு ராத்திரியும் ஏசி ஓடிச் சூடாகி, காலையில் ஆறி, இப்படி நூற்றுக்கணக்கான தடவை விரிந்து சுருங்கியதில் அந்த முறுக்கு தளர்ந்துபோயிருந்தது. டேப்பைப் பிரித்தால் உள்ளே கரி.

“பிளக் மாத்துனா ஆறு மாசம் ஓடும். அப்புறம் இது பிடிக்கும்,” என்றார் அண்ணாச்சி. எது பிடிக்கும் என்று நான் கேட்கவில்லை.

ஆக, முழு வீட்டையும் செம்புக்கு மாற்றுவது என்று முடிவானது. மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் சொல்லி, மீட்டருக்கு முன்னால் இருக்கும் ஃபியூஸை அவர்கள் வந்து எடுத்துத் தந்த பிறகுதான் மெயின் போர்டில் கை வைத்தோம். மீட்டர் சீலுக்கு அந்தப் பக்கம் இருப்பதைத் தொட நமக்கு உரிமையும் இல்லை, அங்கே அணைத்துவைக்க ஒரு சுவிட்சும் இல்லை.

வாங்கியவை: லைட், ஃபேனுக்கு 1.5 ஸ்கொயர் எம்எம், பிளக் பாயின்ட்களுக்கு 2.5, ஏசிக்கும் ஹீட்டருக்கும் 4. எல்லாம் தீ சட்டென்று பரவாத எஃப்.ஆர். ரகம், ஐ.எஸ்.ஐ. முத்திரையோடு, 90 மீட்டர் சுருள்களாக. சிவப்பு ஃபேஸ், கறுப்பு நியூட்ரல், பச்சை எர்த். பழைய வீட்டில் எல்லாமே கறுப்பாக இருந்தது. எது எது என்று கண்டுபிடிக்கவே அரை நாள் போயிற்று.

பழைய பைப்புக்குள் புது ஒயர் இழுப்பதில் ஒரு வித்தை இருக்கிறது. பழைய ஒயரை முதலில் உருவி எறிந்துவிடக் கூடாது. அதன் நுனியில் புது ஒயர்களைக் கொக்கி போட்டு, படிக்கட்டு மாதிரி ஒன்றன்பின் ஒன்றாகக் கட்டி, மேலே டேப்பை வழவழப்பாகச் சுற்றி, அந்தப் பக்கம் ஒருவர் இழுக்க இந்தப் பக்கம் ஒருவர் தள்ளிக் கொடுக்க வேண்டும். குழந்தைகளுக்குப் பூசும் பவுடரைத் தாராளமாகத் தூவிக்கொண்டே போனால் வளைவுகளில் சிக்காது. “ஏல, குளிச்சிட்டு வந்த பிள்ள மாதிரி மணக்குடே” என்றாள் அம்மா. அலுமினியத்தை வேகமாக இழுத்தால் அறுந்துவிடும். ஹாலில் அப்படி ஒன்று நட்ட நடு சீலிங்குக்குள் அறுந்தது. பைப்புக்குள் ஒயர் இழுக்கும் ஸ்பிரிங்கை விட்டுப் பார்த்தோம், போகவில்லை. கடைசியில் அந்த ஒரு லைனை மட்டும் சுவருக்கு வெளியே கேசிங் போட்டுக் கொண்டுவந்தோம். அழகாக இல்லைதான். பார்வைக்கு நன்றாக இருக்க வேண்டுமென்று சுவரைக் கொத்தி இன்னொரு மாதம் வீட்டைப் புழுதியாக்க எனக்குத் தெம்பு இல்லை.

ஓரிடத்தில் நான் அதிகப்பிரசங்கித்தனம் செய்தேன். பள்ளிக்கூடக் காலத்தில் ரேடியோ கிட் பூட்டிய பழக்கத்தில், ஒயர் நுனிகளுக்கு ஈயம் பூசிவிட்டால் கெட்டியாக நிற்குமே என்று நாலைந்து நுனிகளுக்குப் பூசி வைத்தேன். அண்ணாச்சி ஒன்றும் சொல்லாமல் கட்டரை எடுத்து எல்லாவற்றையும் நறுக்கிப் போட்டார். ஸ்குரூ இறுக்கும் இடத்தில் ஈயம் கூடாதாம். அழுத்தத்தில் நாளடைவில் அது வழிந்து ஒதுங்கும், ஸ்குரூ லூஸாகும், மறுபடி மயில்கழுத்து. இழை ஒயரானால் அளவான லக் (நுனிக்கு மாட்டும் உலோக உறை) போட்டு நசுக்கி, அதை ஸ்குரூவில் கடிக்க விட வேண்டும். மேல்தோல் ஸ்குரூவுக்குள் போகக் கூடாது, கம்பி வெளியே நீட்டிக்கொண்டும் நிற்கக் கூடாது. இறுக்கிய பிறகு ஒவ்வொரு ஒயரையும் ஒரு தடவை இழுத்துப் பார்த்தார். அவர் இழுத்ததில் நான் இறுக்கியவை மூன்று கையோடு வந்தன.

இனி எர்த். இங்கேதான் கதை.

பின்கட்டில் துணி துவைக்கும் கல்லுக்குப் பக்கத்தில் அப்பா போட்ட எர்த் பைப் இருந்தது என்று எனக்கு நினைவு. போய்ப் பார்த்தால் அங்கே டைல்ஸ். நாலு வருஷத்துக்கு முன் பின்கட்டுக்கு டைல்ஸ் போட்டபோது, பைப்பின் தலையை அறுத்து, 8 நம்பர் ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) கம்பியைத் துண்டித்து, மேலே சிமென்ட் பூசிவிட்டிருக்கிறார்கள். கம்பியின் நுனி சுவரோரம் ஒரு சாண் நீளத்துக்குத் துருப்பிடித்து நீட்டிக்கொண்டிருந்தது. கீரைக்கொடி படரட்டும் என்று அம்மா அதில் கயிறு கட்டியிருந்தாள்.

புது இடம் தோண்டினோம். 40 மி.மீ. ஜி.ஐ. பைப், இரண்டரை மீட்டர் நீளம், பக்கவாட்டில் துளைகள். சுற்றிலும் ஒரு வரிசை கரி, ஒரு வரிசை உப்பு என்று நிரப்பி, மேலே தண்ணீர் ஊற்ற ஒரு புனலும் சின்னத் தொட்டியும். இப்போது உப்பு கரி இல்லாமல் பென்டோனைட் என்ற களிமண் கலவை போட்ட ரெடிமேட் எர்த்தும் கிடைக்கிறது, பராமரிப்பு குறைவு. எங்களுக்குக் குழி வெட்ட ஆள் கிடைத்ததால் பழைய முறைக்கே போனோம். அண்ணாச்சி எர்த் டெஸ்டர் கொண்டுவந்து அளந்தார். காய்ந்த மண்ணில் 7 ஓம் காட்டியது, நாலு குடம் தண்ணீர் ஊற்றி மறுநாள் பார்த்தபோது 3.6. கோடையில் அதற்குத் தண்ணீர் ஊற்றுவது இப்போது அம்மாவின் பொறுப்பு. வேப்பங்கன்றுக்கு ஊற்றிவிட்டு மிச்சத்தை அதில் ஊற்றுகிறாள்.

கரண்ட் கசிந்தால் தானாகத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. சுவிட்ச் வாங்கப் போனபோது, “எர்த்துதான் நல்லா இருக்கே, ஆர்.சி.சி.பி. எதுக்கு, வீண் செலவு” என்று கடையில் ஒருவர் சொன்னார். அந்த இடத்தில்தான் நானும் முதலில் தடுமாறினேன். கணக்கைப் பாருங்கள். எர்த் 5 ஓம் என்று வைத்துக்கொள்வோம். வாஷிங் மெஷினின் உள்ளே ஃபேஸ் ஒயர் அறுந்து அதன் இரும்பு உடம்பில் பட்டுவிட்டது. 230 வோல்ட்டை 5-ஆல் வகுத்தால் 46 ஆம்பியர் மண்ணுக்குள் இறங்கும். மெயினில் இருக்கும் 32 ஆம்பியர் சி ரக எம்.சி.பி. உடனே விழ வேண்டுமானால், அதன் அளவைப்போல் ஐந்து மடங்காவது, அதாவது 160 ஆம்பியருக்கு மேல், கரண்ட் பாய வேண்டும். 46-க்கு அது சூடாகி விழ ஒரு மணி நேரம்கூட ஆகலாம். அந்தந்த லைனுக்குரிய சின்ன எம்.சி.பி. கொஞ்சம் சீக்கிரம் விழும், ஆனாலும் கண்ணிமைக்கும் நேரத்தில் விழாது. ஈரக் கையோடு மெஷினைத் தொட்டவருக்கு அவ்வளவு அவகாசம் கிடையாது. 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. பார்ப்பது வேறு விஷயம். ஃபேஸில் போன கரண்ட் முழுவதும் நியூட்ரலில் திரும்பி வந்ததா என்று பார்க்கும். வழியில் 30 மில்லி ஆம்பியர் காணாமல் போனால் 0.3 நொடிக்குள் இரண்டு பக்கமும் துண்டித்துவிடும். ஒன்று ஞாபகம் வேண்டும்: ஒரு கையில் ஃபேஸையும் மறு கையில் நியூட்ரலையும் பிடித்தால் அதுவும் காப்பாற்றாது. போன கரண்ட் எல்லாம் ஒழுங்காகத் திரும்பி வருகிறது என்றுதான் அது நினைக்கும். அதிகச் சுமையையும் அது கண்டுகொள்ளாது. அதனால்தான் முன்னால் 32 ஆம்பியர் எம்.சி.பி., பின்னால் 40 ஆம்பியர் ஆர்.சி.சி.பி. என்று வைத்தோம்.

மெயின் போர்டு புதுப்பெண் மாதிரி இருந்தது. ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் நல்ல நேரம் பார்த்து அம்மா சுவிட்சைப் போட்டாள். ஹாலில் இரண்டு எல்.இ.டி. எரிந்தது. ஒரு ஃபேன் சுற்றியது. ஃபிரிட்ஜைப் போட்டதும் ‘டக்’. வீடே இருட்டு.

ஃபிரிட்ஜில்தான் கோளாறு என்று அதைப் பிடுங்கிவிட்டு மறுபடி போட்டோம். மிக்ஸியைப் போட்டால் ‘டக்’. மிக்ஸியைப் பிடுங்கிவிட்டு அயன்பாக்ஸைப் போட்டால் ‘டக்’. எம்.சி.பி. எல்லாவற்றையும் இறக்கிவிட்டு ஒன்றொன்றாக ஏற்றினோம். எந்த லைனைப் போட்டாலும், அதில் கொஞ்சம் பெரிய சுமை ஏறியதும் விழுகிறது. சின்ன பல்புக்கு விழுவதில்லை. வீட்டில் இருக்கும் அத்தனை சாமானுமா கெட்டுப்போயிருக்கும்?

மணி எட்டாகிவிட்டது. அம்மா மெழுகுவத்தி ஏற்றினாள், அதையும் ஜன்னல் திரைக்குப் பக்கத்தில் வைத்தாள். கூட வந்த இளைஞன் மெல்லச் சொன்னான்: “அண்ணாச்சி, இப்போதைக்கு ஆர்.சி.சி.பி.ய பைபாஸ் செஞ்சு விட்ருவோமா? நாளைக்கு வந்து பாப்போம்.” எத்தனை வீட்டில் அந்த ‘நாளைக்கு’ இன்னும் வராமல் இருக்கிறதோ தெரியவில்லை. அண்ணாச்சி அவனை ஒரு பார்வை பார்த்தார். “டீ வாங்கிட்டு வால” என்று அனுப்பிவிட்டு, தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

அவர் செய்ததை அப்படியே சொல்கிறேன், வேறு யாருக்காவது உதவும். மெயினையும் ஆர்.சி.சி.பி.யையும் அணைத்தார். வீட்டில் இருந்த எல்லா பிளக்கையும் பிடுங்கச் சொன்னார். மல்டிமீட்டரை ஓமில் வைத்து, ஒரு முனையை நியூட்ரல் ஒயர்கள் எல்லாம் வந்து சேரும் பட்டையான நியூட்ரல் பாரிலும் மறு முனையை எர்த் பாரிலும் வைத்தார். இரண்டுக்கும் சம்பந்தமே இருக்கக் கூடாது. மீட்டர் 0.4 ஓம் காட்டியது. அதாவது வீட்டுக்குள் எங்கோ நியூட்ரலும் எர்த்தும் கைகோத்துக்கொண்டு நிற்கின்றன. ஃபிரிட்ஜுக்குப் போன கரண்ட் திரும்பி வரும்போது, ஒரு பங்கு நியூட்ரலிலும் ஒரு பங்கு எர்த் வழியாக மண்ணிலும் போகிறது. ஆர்.சி.சி.பி. கணக்கில் அது காணாமல் போன கரண்ட். எம்.சி.பி. ஃபேஸை மட்டும்தான் துண்டிக்கும். அணைத்து வைத்தாலும் அந்த லைனின் நியூட்ரல் பாரோடு சேர்ந்தேதான் இருக்கும். அதனால்தான் எம்.சி.பி.யை ஏற்றி இறக்கித் தேடியபோது அகப்படவில்லை.

பிறகு நியூட்ரல் பாரிலிருந்து ஒவ்வொரு கறுப்பு ஒயராகக் கழற்றினார். முதலாவது, 0.4. இரண்டாவது, 0.4. நாலாவது வரைக்கும் அசையவில்லை. ஐந்தாவதைக் கழற்றியதும் மீட்டர் எண் காட்டுவதை நிறுத்திவிட்டது. அந்த ஒயரைப் பிடித்துக்கொண்டு டார்ச்சோடு போனோம். அது போய் நின்ற இடம் பின்கட்டு, வாஷிங் மெஷின் பாயின்ட். போர்டில் சுவிட்ச் சாக்கெட் நல்ல நிலையில் இருந்ததால் ஒயரை மட்டும் மாற்றிவிட்டு அதையே திரும்ப மாட்டியிருந்தோம். கழற்றிப் பார்த்தால், சாக்கெட்டின் நியூட்ரல் முனைக்கும் எர்த் முனைக்கும் நடுவில் ஒரு விரற்கடை நீளச் சிவப்பு ஒயர், மிக நேர்த்தியாக வளைத்து மாட்டியிருந்தது. ஒயர் மாற்றியது நான்தான். இதுவும் ஏதோ கம்பெனியில் இருந்தே வந்தது என்று நினைத்து அப்படியே விட்டிருக்கிறேன்.

அம்மா அதைப் பார்த்ததும் சொன்னாள்: “டைல்ஸ் போட்ட பெறவு மெஷினத் தொட்டா சுர்ருனு ஏறிட்டு இருந்துச்சு. ஒருத்தர் வந்து ரெண்டே நிமிஷத்துல சரி செஞ்சு கொடுத்துட்டுப் போனாரே. கெட்டிக்காரர்.”

அப்போதுதான் எல்லாம் கோவையாக விளங்கியது. டைல்ஸ் வேலையில் எர்த் கம்பி அறுந்தது. மெஷினுக்குள் மின் இரைச்சலை வடிகட்ட இருக்கும் ஃபில்டரிலிருந்து இயல்பாகக் கசியும் துளி கரண்ட், இறங்க வழியில்லாமல் உடம்பில் நின்று சுர்ரென்றது. வந்தவர் எர்த் ஏன் வேலை செய்யவில்லை என்று தேடாமல், நியூட்ரலை எர்த் முனையோடு கோத்துவிட்டார். சுர் நின்றது. ஆனால் அன்றிலிருந்து வீட்டில் உள்ள எல்லா மூன்று பின் சாமான்களின் உடம்பும், ஃபிரிட்ஜ் கதவு, அயன்பாக்ஸ், ஹீட்டர் எல்லாம், நியூட்ரலில் தொங்கிக்கொண்டிருந்தன. மெயினில் நியூட்ரல் ஒரு நாள் லூஸாகிக் கழன்றிருந்தால், எரிகிற பல்பின் வழியாக 230 வோல்ட் வந்து அத்தனை உடம்பிலும் ஏறியிருக்கும். எந்த ஃபியூஸும் போயிருக்காது. பழைய மெயின் போர்டைக் கழற்றும்போது நியூட்ரல் லிங்க் பச்சைப் பாசி பிடித்து, விரலால் ஆட்டினால் ஆடுகிற நிலையில் இருந்ததை நான் ஏற்கெனவே பார்த்திருந்தேன். அன்று ராத்திரி எனக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை.

சிவப்பு ஒயரை எடுத்ததும் ஃபிரிட்ஜ், மிக்ஸி, அயன்பாக்ஸ் எல்லாம் ஒரே நேரத்தில் போட்டும் ஆர்.சி.சி.பி. அசையவில்லை. டெஸ்ட் பட்டனை அமுக்கியபோது ஒழுங்காக விழுந்தது. அந்தத் துண்டு ஒயரை ஒரு டப்பாவில் போட்டு வைத்திருக்கிறேன்.

மிச்ச வேலைகள் சில்லறை. மாடிப்படிக்குக் கீழே இன்வெர்ட்டர் பேட்டரி, கதவு போட்ட அலமாரிக்குள், பக்கத்தில் நல்லெண்ணெய் டின்னும் கற்பூர டப்பாவும். சார்ஜ் ஏறும்போது அந்தப் பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வரும். கதவைக் கழற்றிவிட்டு, எண்ணெயை அடுக்களைக்குக் கொண்டுபோனோம். டெர்மினலில் பூத்திருந்த வெள்ளைப் பொடியைச் சோடா உப்புத் தண்ணீரால் துடைத்து, இறுக்கி, வாசலின் தடவினேன். வெளிவராந்தா சுவிட்ச் பாக்ஸுக்குள் குளவி மண்கூடு கட்டியிருந்தது. பழைய ஸ்டெபிலைசருக்குள் ஒரு பல்லி, அப்பளமாகக் காய்ந்து. எல்லாத் துளைகளையும் அடைத்தோம்.

அடுக்களையில் கேஸ் டியூபைத் திருப்பிப் பார்த்தேன். ஆரஞ்சு நிற டியூபில் தேதி அச்சடித்திருக்கும், ஐந்து வருஷம்தான் ஆயுள். எங்களுடையது முடிந்து மூன்று வருஷம் ஆகியிருந்தது. சிலிண்டர் கழுத்தில் ஏ, பி, சி, டி என்று ஓர் எழுத்தும் வருஷமும் இருக்குமே, அது அடுத்த பரிசோதனைக்கு உரிய காலாண்டு. அது சரியாக இருந்தது. அம்மாவோடு சண்டை போட வேண்டியிருந்தது வேறு ஒன்றுக்கு: சிலிண்டர் மாற்றியதும் தீக்குச்சி கிழித்துக் காட்டிக் கசிவு பார்ப்பாள். “நாப்பது வருஷமா இப்படித்தான் பாக்கேன்” என்றாள். இப்போது சோப்பு நுரை தடவிப் பார்க்கிறாள், என் எதிரிலாவது. கேஸ் காற்றைவிடக் கனம், தரையோடுதான் படரும். அதனால் வாடை அடித்தால் சுவிட்ச் எதையும் போடவும் கூடாது, அணைக்கவும் கூடாது. ரெகுலேட்டரை மூடிவிட்டுக் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்து 1906-க்குப் பேச வேண்டும். அந்த எண்ணைப் பெரிதாக எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டியாகிவிட்டது. இரண்டு கிலோ ஏபிசி பவுடர் அணைப்பான் ஒன்று அடுக்களை வாசற்படிக்கு வெளியே தொங்குகிறது. அடுப்புக்குப் பக்கத்தில் மாட்டினால் தீயைத் தாண்டிப்போய்த்தான் எடுக்க வேண்டியிருக்கும்.

பூஜை அலமாரிதான் கொஞ்சம் சங்கடம். விளக்குக்கு நேர் மேலே இருந்த பிளைவுட் தட்டு கருத்து, தொட்டால் கரி ஒட்டியது. அம்மா அதைப் புகை என்றுதான் நினைத்திருந்தாள். விளக்கை முன்னால் தள்ளி ஒரு கடப்பாக்கல் பலகையில் வைத்தோம். சாமி படத்தைச் சுற்றி எரிந்துகொண்டே இருந்த சீரியல் செட்டைக் கழற்றியதற்கு இரண்டு நாள் பேச்சு வார்த்தை இல்லை.

செலவு என்று கேட்டால், ஒயரும் கூலியும்தான் பெரியது. ஆர்.சி.சி.பி. 2,300 ரூபாய். ஏசி வாங்கிய அன்று ஸ்டெபிலைசருக்கு நான் கொடுத்ததைவிடக் குறைவு.

வேலை முடிந்து ஏசியை ஒரு மணி நேரம் ஓடவிட்டு, வெப்பம் அளக்கும் துப்பாக்கியால் பிளக்கைப் பார்த்தேன். அறை 27 டிகிரி, பிளக் 34. புறங்கையால் தொட்டால் இளஞ்சூடு. பீரோ இப்போது எதிர்ச்சுவரில் நிற்கிறது. மாதம் முதல் தேதி டெஸ்ட் பட்டனை அம்மாதான் அமுக்குகிறாள். ஃபேன் சத்தம் இறங்கி நிற்கும் வரை கேட்டிருந்துவிட்டுத் திரும்பப் போடுவாள்.

போன வாரம் ராத்திரி மறுபடியும் அந்த வாசனை. ரெண்டு பேரும் ஒரே நேரத்தில் எழுந்து பிளக்குக்கு ஓடினோம். தொட்டுப் பார்த்தேன், ஒன்றுமில்லை. மெயின் போர்டைத் திறந்து ஒவ்வொரு எம்.சி.பி.யையும் புறங்கையால் தடவினேன். எல்லாம் சில்லென்று இருந்தன. அம்மா ஜன்னலைத் திறந்து காம்பவுண்ட் பக்கம் எட்டிப் பார்த்தாள்.

“ஏ மதினி, இன்னைக்கு என்ன கிழமை?”

“செவ்வாயில்லா அத்த,” என்று இருட்டுக்குள்ளிருந்து குரல் வந்தது. “நெத்திலிக் கருவாடு. வாசம் ரொம்ப அடிக்கோ?”